பாத்தியதைக்குச் சாவி கிடையாது

சாவியை நீட்டும்போது பக்கத்து மனைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் தெரு அவருக்குச் 'சர்க்கரை' என்று பெயர் வைத்திருந்தது. வியாதி அல்ல, வாய்.

"புது கேட் போட்டிருக்கேன் பாத்தீங்களா? கண்டவன் எல்லாம் உள்ள பூந்துடறான், அதான். ஆனா நீங்க கண்டவங்களா? இந்தாங்க, உங்களுக்குன்னே ஒரு சாவி. எப்ப வேணா போங்க, எப்ப வேணா வாங்க. என் முழு அனுமதி உண்டு."

எதிரே நின்றவர் கண்ணாடிப் பட்டறை வீட்டுக்காரர். யாருக்கும் 'இல்லை' சொல்லத் தெரியாத மனிதர். காலை மிதித்தவனிடம் "பரவாயில்லை" என்பார். வழிவிட்டு நகரும் நாய்க்குக்கூட "தேங்க்ஸ்" சொல்லுவார். தெருவில் அவர் பெயரே 'பரவாயில்லை' என்று ஆகி வெகுகாலம். சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எதுக்குங்க உங்களுக்கு இவ்வளவு சிரமம்... ரொம்ப தேங்க்ஸ்."

சர்க்கரைக்குப் பின்னால் நின்ற அவருடைய டிரைவர் கைபேசியை மெல்லத் தாழ்த்தினான். அதுவரை அது யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதைப் பரவாயில்லை கவனிக்கவில்லை.

உள்ளே பட்டறையில் அவர் மனைவி வெட்டு மேசை மேல் குனிந்திருந்தாள். மேசையில் பழைய கம்பளம் விரித்திருந்தது. அதன் மேல் ஒரு கண்ணாடி, கட்டில் அகலத்துக்கு. ஓரத்தைக் கைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வெட்டும் கருவியின் நுனியில் இருப்பது வைரம். அவள் நாக்கின் நுனியிலும் அதுதான் என்று தெருவுக்கு ஓர் அபிப்பிராயம். அதனால் அவள் பெயர் வைரம்.

"பக்கத்து மனைக்காரர் நல்ல மனுஷன்தான். நமக்குன்னே ஒரு சாவி குடுத்தாரு பாரேன்" என்றார் பரவாயில்லை.

வைரம் நிமிரவில்லை. "எதுக்கு?"

"நம்ம பின்கதவுக்கு எதிர்ல கேட் போட்டுப் பூட்டிட்டாரு. நாம உங்கக்கா வீட்டுக்குப் போயிருந்தோமே, அப்போ."

இப்போது நிமிர்ந்தாள். "நம்ம வழிக்கு அவன் எதுக்குப் பூட்டு போடறான்?"

"பூட்டு போட்டா என்ன, சாவிதான் நம்மகிட்ட இருக்கே."

"நம்ம வீட்டுக் கதவுக்கு எதிர்வீட்டுக்காரன் பூட்டு போட்டுட்டு சாவி குடுத்தா, 'நல்ல மனுஷன்'னு சொல்லுவீங்களா?"

பரவாயில்லை தலையைச் சொறிந்தார். சொல்லியிருப்பார் என்றுதான் தோன்றியது.

பட்டறை வீட்டின் பின்பக்கம். முன்பக்கமும் ஒரு வாசல் உண்டு. ஆனால் அது ஆள் நுழையவும் பூனை நுழையவும் மட்டும். ஒடுங்கிய நடை, நடுவில் ஒரு மடக்கு, மடக்கில் படிகள். படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடி போகும், முகம் பார்க்கிற கண்ணாடி போகும். ஆளுயரக் கண்ணாடி அந்த மடக்கில் திரும்பாது. பெரிய கண்ணாடிக்கு வர ஒரு வழி, போக அதே வழி: பின்கதவைத் திறந்து, பக்கத்து மனையைக் குறுக்கே கடந்து, பின்தெருவில் நிற்கும் வண்டி வரை. வைரம் கல்யாணமாகி வந்த மறுவாரமே கண்ணாடியின் ஒரு முனையைப் பிடித்து நடந்த வழி. அந்த மனையைச் சர்க்கரை போன மாதம்தான் வாங்கினார், கார் கழுவும் நிலையம் கட்ட.

அந்த வழி போனால் பட்டறை போயிற்று. மிஞ்சுவது முகம் பார்க்கிற கண்ணாடி மட்டும். அதில் பார்த்துக்கொள்ள முகம் இருக்காது.

வைரம் தங்கையை அழைத்தாள். தங்கை வக்கீல். முழுதாகக்கூடக் கேட்கவில்லை.

"அக்கா, சாவியைப் பூட்டுல போட்டீங்களா?"

"இல்ல. ஏன்?"

"போடாதீங்க. மாமாவை அந்தச் சாவிப் பக்கமே விடாத. வர்றேன்."

அவள் வந்தபோது கறுப்புக் கோட்டு கையில் மடிந்து கிடந்தது, நெற்றியில் வியர்வை. தண்ணீர்கூடக் கேட்காமல் சுவர் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். கடையில் கட்டிக் கொடுத்த கம்பி வளையமும் அட்டையும் அப்படியே இருந்தன. மூச்சு விட்டாள்.

"தப்பிச்சோம். வாங்கினது பாதித் தப்பு. திறந்திருந்தா முழுத்தப்பு."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்? ஒரு மனுஷன் அன்பா குடுத்தாரு..."

"மாமா, அவன் அன்பு பக்கா சட்டப்படி வந்த அன்பு. பாத்தியதைன்னு ஒரு வார்த்தை கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"பத்திரத்துல வருமே" என்றாள் வைரம். "'சகல பாத்தியதைகளுடன்'னு. நான் அதுவரைக்கும் படிச்சிட்டுத் தூங்கிடுவேன்."

"எல்லாரும் கரெக்டா அங்கதான் தூங்கறாங்க. அதனாலதான் எனக்குப் பொழப்பு ஓடுது."

"அதுக்கு உரிமைன்னு சொல்லிட்டுப் போயேன்டி. எதுக்கு இந்தப் பழைய பூதம்?"

"உரிமைன்னா மொத்தமும் என்னுதுன்னு ஆயிடும்க்கா. இது அப்படி இல்ல. மண்ணு அவனுது. விக்கலாம், அடமானம் வைக்கலாம், மாமரம் நடலாம். ஆனா அது மேல நடக்கற நடை நம்மளுது. அடுத்தவன் நிலத்துல நமக்கு இருக்கற பிடி. அதுக்குப் பேரு வழிநடைப் பாத்தியதை."

"அதை நமக்கு யார் குடுத்தா?"

"யாருமே குடுக்கல. விஷயமே அதுதான். குடுத்திருந்தா அதுக்குப் பேரு தயவு. சட்டம் சொல்ற காலம் பூரா, பட்டப்பகல்ல, அடிதடி இல்லாம, யார்கிட்டயும் கேட்காம, நம்ம வழின்னே நெனச்சு நடந்தா, அந்த வழி நம்ம காலோட ஒட்டிக்கும். ஒளிஞ்சு நடந்தா ஒட்டாது. முரட்டுத்தனமா நடந்தா ஒட்டாது. அனுமதி வாங்கிட்டு நடந்தா பேரன் காலம் வரைக்கும் நடந்தாலும் ஒட்டாது."

பரவாயில்லை ஆணியைப் பார்த்தார். அதில் தொங்குவது தேள் மாதிரி இருந்தது அவருக்கு.

"அப்போ இந்தச் சாவி..."

"பாக்கத்தான் சாவி. இதை வெச்சு நீங்க ஒரு தடவை திறங்க, 'என் அனுமதியிலதான் போறாங்க'ம்பான். கொஞ்ச நாள் கழிச்சு பூட்டை மாத்துவான். 'அனுமதியை வாபஸ் வாங்கிட்டேன்'ம்பான். அதையும் சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவான்."

"சரி, திறக்க மாட்டோம்" என்றாள் வைரம்.

"திறக்காம சும்மா இருந்தாலும் போச்சு. பூட்டைப் பார்த்துட்டு வாயை மூடிட்டு இருந்தா, பொறுத்துக்கிட்டோம்னு ஆயிடும். கேஸ் போடத்தான் போறேன். ஆனா அதுவரைக்கும் நாம எப்படி நடந்துக்கறோம்கறதை வெச்சுத்தான் கேஸே நிக்கும்."

முன்வாசலில் செருப்புச் சத்தம். தெருமுனை முடிதிருத்தகக்காரர் அவசரமாக உள்ளே வந்தார். மேசை மேல் கிடந்த பெரிய கண்ணாடி அவருடையதுதான். அவர் கடை முகப்புக்கு. பழையது காற்றில் உடைந்து, கடை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"அக்கா, நாளைக்காவது கண்ணாடி வந்துடுமா? காத்துல முடி எல்லாம் பறந்து பக்கத்து மருந்துக் கடைக்குப் போவுது. அந்த அம்மா நேத்து மாத்திரை டப்பாவில முடி கெடந்துச்சுன்னு கூப்பிட்டு வெச்சுத் திட்டுது. தலை என்னுதா, நானா குத்தவாளி?"

விஷயத்தைச் சொன்னார்கள். கேட்டு முடிப்பதற்குள் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஒரு பூட்டுதானே? எங்க அண்ணன்கிட்ட சம்மட்டி இருக்கு. ஒரே போடு!"

"அது முரட்டுத்தனம்" என்றாள் தங்கை.

"அப்போ ராத்திரி கொஞ்சம் இருட்டினதும் சுவரோரமா..." என்று ஆரம்பித்தார் பரவாயில்லை.

"அது திருட்டுத்தனம் மாமா."

"அப்போ போய் நல்லபடியா ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அக்கா, தங்கை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"உடைக்கக் கூடாது, ஒளியக் கூடாது, கேட்கக் கூடாது" என்றாள் வைரம். "பின்ன என்னதான்டி பண்றது?"

"தெரியலக்கா" என்றாள் தங்கை. வக்கீல்கள் அபூர்வமாகச் சொல்லும் வார்த்தை.

வைரம் கருவியை மண்ணெண்ணெயில் தொட்டெடுத்தாள். அளவுகோலை வைத்தாள். கண்ணாடி வெட்டுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு: ஒரே கோடு, ஒரே இழுப்பு. சந்தேகப்பட்டு அதே கோட்டின் மேல் இன்னொரு தடவை இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். 'கிர்ர்ர்' என்று ஒரே சீராக ஒலி போயிற்று. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சின்ன அழுத்தம். வேண்டாத துண்டு கத்தாமல் பிரிந்து வந்தது.

"நாளைக்கு இதைத் தூக்கிட்டு எப்பவும் போற மாதிரியே போவோம்" என்றாள். "கேட் வரைக்கும். அங்க நிப்போம்."

"நின்னு?"

"'இது எங்க வழி, பூட்டை எடு'ன்னு சொல்லுவேன். கேட்க மாட்டேன். சொல்லுவேன்."

"அவன் எடுக்கலைன்னா?"

"எடுக்கற வரைக்கும் நிப்பேன்."

தங்கை சிரித்துவிட்டாள். "சட்டப் புத்தகத்துல இதையேதான் ரெண்டு பக்கத்துக்கு இழுத்திருக்காங்க" என்றாள்.

மறுநாள் காலை. வெயில் ஏறி, தெருவில் ஆள் நடமாட்டம் வந்த பிறகுதான் வைரம் பின்கதவைத் திறந்தாள். வேண்டுமென்றே. கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப்புகளை அழுத்தி, முன்முனையை அவள் பிடித்தாள், பின்முனையைப் பரவாயில்லை. நடுவில் முடிதிருத்தகக்காரர், மார்புக்கு நேராகத் தன் பிம்பத்தையே பார்த்துக்கொண்டு. தங்கை பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, எனக்கே சவரம் பண்ணணும் போலிருக்கே."

"வாயை மூடிக்கிட்டு காலைப் பாத்து வைங்க."

மனையில் சர்க்கரை குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கட்டட மேஸ்திரி கையில் நூல்கண்டோடு. கண்ணாடி வருவதைப் பார்த்ததும் சர்க்கரை டிரைவருக்குக் கண்ணைக் காட்டினார். டிரைவர் கைபேசியை உயர்த்தினான். இந்தத் தடவை பரவாயில்லையும் கவனித்தார்.

"வாங்க, வாங்க!" என்றார் சர்க்கரை. "சாவிதான் இருக்கே, திறந்துட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்குக் கூச்சம்? என் அனுமதி எப்பவும் உண்டு."

வைரம் கேட்டுக்கு ஓரடி முன்னால் நின்றாள். கீழே மரக்கட்டை வைத்து, அதன் மேல் கண்ணாடியின் அடிவிளிம்பை இறக்கி நிறுத்தினார்கள். கையை விட முடியாது. நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக்குக் காற்றுதான் எமன்.

"எனக்கு உங்க அனுமதி வேண்டாம். இது எங்க வழி. பூட்டை எடுங்க."

"அடடா, அதைத்தானே நானும் சொல்றேன். திறந்துட்டுப் போங்க."

"நான் திறக்க மாட்டேன். நீங்க போட்ட பூட்டு, நீங்க எடுங்க."

பின்தெருவில் கூட்டம் சேர ஆரம்பித்தது. கூடை வைத்திருந்த ஒரு பெண்மணி சத்தமாகவே சொன்னாள்: "குடுத்த சாவியைப் போட்டுத் திறந்துட்டுப் போறதுக்கு என்னவாம்? திமிரைப் பாரேன்."

சர்க்கரையின் முகம் இன்னும் இனித்தது. "விடுங்கம்மா. அவங்க சுபாவம் அப்படி. நான் என் மனசுக்குச் செய்யறேன்."

வைரத்தின் காது சூடேறியது. நாக்கு நுனிக்கு ஏதேதோ வந்தது. கடித்துக்கொண்டாள். சண்டை போட்டால் அதுவும் முரட்டுத்தனம் ஆகிவிடும். "பூட்டை எடுங்க" என்றாள் மறுபடி, அதே குரலில். காற்று ஒரு தடவை வீசிப் பார்த்தது. கண்ணாடி முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. முடிதிருத்தகக்காரர் வாய்க்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டார்.

"அக்கா, திரும்பிப் போயிடலாமா?"

"இந்தக் காத்துல திருப்பினா உடையும். முன்னாடிதான் போகணும்."

நேரம் போயிற்று. சர்க்கரை ஒரு தேநீர் குடித்து முடித்தார். பிறகு எழுந்து வந்தார், துருப்புச் சீட்டோடு.

"உங்க வீட்டுக்காரர் சாவி வாங்கினது இதுல பதிவாகியிருக்கு. கேளுங்க எல்லாரும்."

டிரைவரின் கைபேசியிலிருந்து பரவாயில்லையின் குரல் வந்தது: 'எதுக்குங்க உங்களுக்கு இவ்வளவு சிரமம்... ரொம்ப தேங்க்ஸ்.' கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டிரைவர் கைபேசியைத் திருப்பி மறுபடி படம் பிடிக்க ஆரம்பித்தான்.

தங்கையின் முகம் வெளிறியது. பதிவு செய்திருப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் கண்ணாடியின் பின்முனைக்குப் போயின.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார் பரவாயில்லை, முடிதிருத்தகக்காரரிடம். கையுறையைக் கழற்றினார். ஆணியிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவந்த சாவியை எடுத்தார். கம்பி வளையம், அட்டை எல்லாம் கடையில் கட்டியபடியே. கேட்டின் கம்பி இடைவெளி வழியாக நீட்டினார்.

"இது உங்க சாவி. பூட்டுல ஒரு தடவைகூடப் போடல. அன்னைக்கு வாங்கினேன், உண்மைதான். எது குடுத்தாலும் வாங்கிடற புத்தி எனக்கு. ஆனா வழிக்காக வாங்கல. வழி நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே எங்களுக்கு இருக்கு." "சாவி வேண்டாம்."

அந்த மனிதர் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல்லைத் தெரு அதுவரை கேட்டதில்லை. கூடைக்காரப் பெண்மணிகூடக் கூடையைக் கீழே வைத்தாள்.

சர்க்கரை கையை நீட்டவில்லை. "வச்சுக்கங்க. பரவாயில்லை."

"இல்லைங்க" என்றார் பரவாயில்லை. "பரவா இருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் விழுந்தது. அதில்தான் சர்க்கரை கரைந்தது.

"என்னய்யா, குடுக்கறதை வாங்க மாட்டீங்க, கேட்கவும் மாட்டீங்க! என்ன திமிரு! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? மனையை வித்தவர் கிரயத்தன்னைக்கே என்கிட்ட சொன்னாரு. 'இந்தக் குடும்பம் என் அப்பா காலத்துலேர்ந்து கேட்காம கொள்ளாம இது வழியாத்தான் கண்ணாடி கொண்டுபோறாங்க, பட்டப்பகல்ல, தன் வீட்டு வாசல் மாதிரி. நாங்க ஒரு நாளும் தடுத்ததில்ல'ன்னு! அவங்க ஏமாளி. நான் ஏமாளியா? இனிமே என்னைக் கேட்டுத்தான் போகணும்! அதுக்குத்தான்யா இந்த கேட்டே!"

அவர் குரல் ஓய்ந்தது. மேஸ்திரிதான் முதலில் இருமினார்.

"சார்... அதையேதான் அவங்களும் காலையிலேர்ந்து சொல்லிட்டு நிக்கறாங்க."

தங்கையின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. டிரைவரைப் பார்த்து மிக இனிமையாகச் சிரித்தாள். சர்க்கரையே பொறாமைப்படக்கூடிய சிரிப்பு.

"நிறுத்திடாதீங்க தம்பி. நல்லாப் பதிவாகுதா?"

டிரைவர் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். எதை முதலில் மறைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அழிடா அதை!"

"தாராளமா அழிக்கலாம் சார்" என்றாள் தங்கை. "நீங்க பேசினதைக் கேட்டவங்க இங்க இத்தனை பேர் இருக்காங்க. நீங்க அழிச்சதையும் பாத்துட்டாங்கன்னா எனக்கு இன்னும் சௌகரியம்."

சர்க்கரை கூட்டத்தைப் பார்த்தார். மேஸ்திரி அவர் பார்வையில் படாமல் நூல்கண்டைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். சர்க்கரை தன் முகத்தைத் தேடி எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, விடுங்க. கண்ணாடியை வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படறீங்க. இன்னைக்கு ஒரு நாள் நானே திறந்து விடறேன்."

வைரத்தின் தோள்கள் மரத்துப்போயிருந்தன. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கைக்கு விடுதலை. காற்று மறுபடி வந்தது. கண்ணாடி மேல்விளிம்பில் 'ம்ம்ம்' என்று முனகியது.

"இன்னைக்கு ஒரு நாளும் வேண்டாம், நாளைக்கு ஒரு நாளும் வேண்டாம்" என்றாள். "திறக்க வேண்டாம். எடுங்க. பூட்டு அந்தக் கேட்டுல இருக்கக் கூடாது."

"நான் எடுக்கலைன்னா?"

"நாங்க நிப்போம். நீங்க போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டுட்டு வாங்க. அப்பவும் நிப்போம்."

கூடைக்காரப் பெண்மணி இப்போது கட்சி மாறியிருந்தாள். "எடுத்துடுங்க சார், பாவம் கை கடுக்குது அவளுக்கு. வழி அவங்களுதுன்னு உங்க வாயாலயே சொல்லியாச்சு, அப்புறம் என்ன வீம்பு?"

பரவாயில்லையின் நீட்டிய கை இறங்கவே இல்லை. கடைசியில் சர்க்கரை அந்தச் சாவியைப் பிடுங்குவது போல் வாங்கி, பூட்டைக் கழற்றி, நாற்காலியின் மேல் விட்டெறிந்தார். கேட் தானாகவே கிரீச்சென்று திறந்தது. புது கேட், எண்ணெய் போடவில்லை.

"கோர்ட்டுல பாக்கலாம்!"

"கட்டாயம்" என்றாள் தங்கை. "அந்தக் கைபேசியையும் மறக்காம எடுத்துட்டு வாங்க."

"தூக்குங்க" என்றாள் வைரம்.

மூவரும் தூக்கினார்கள். கண்ணாடி நகர்ந்தது. அதனுள் மேகமும் கேட்டுக் கம்பியும் கூட்டத்தின் முகங்களும் வரிசையாக வந்து போயின. முடிதிருத்தகக்காரர் போகிற போக்கில் சர்க்கரையிடம், "கடைக்கு வாங்க சார். நம்ம கடை நாற்காலியில உட்கார யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம்" என்றார்.

பின்முனை கேட்டைத் தாண்டியது. சர்க்கரை ஓரமாக ஒதுங்கி நின்றார். வழிவிட்டு யாராவது ஒதுங்கினால் பரவாயில்லைக்கு உதடு தானாகப் பிரியும். இப்போதும் பிரிந்தது. நாக்கு மேல்பல்லைத் தொட்டது, அந்த வழக்கமான 'தேங்க்ஸ்' சொல்ல.

முன்முனையில் வைரம் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியிலேயே அவர் வாய் திறப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஏங்க..."

அவர் வாயை மூடினார். ஓரடி நடந்தார். பிறகு, வேறு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்பதற்காக, "காத்து அடிக்குது. மெதுவா போ" என்றார்.